மேலே எழுந்த கை

நான் நினைத்துக்கொண்டிருக்கிற வரிசையில்தான் எல்லாம் நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. முதலில் டிரஸ்ஸர் லியோனார்டின் தைலம், அப்புறம் ஊசி, அப்புறம் சூடு. சில நாள் யோசிக்கும்போது தைலம் கடைசியில் போய் நிற்கிறது.

மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரர் சன்னாசியும் பால்மரம் வெட்டினோம், ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. எங்களுக்கு விழுந்தவை கிழட்டு மரங்கள். உயரத்தில்தான் வெட்ட வேண்டும். அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழாமல் போனது.

"மரம் வெட்டாதவனுக்கு லயத்துல வீடு ஏது?" என்று எங்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் தைலம் தேய்த்துப் பார்த்தார். "இதுக்கு மேல எனக்குத் தெரியல கங்கா," என்றார்.

கம்பிவேலிக்குள் சீனர்களைக் குடிவைத்திருந்த புதுக்கிராமத்தில் ஒரு சின்சே இருந்தார். அந்தச் சீன வைத்தியர் மயிரிழை போன்ற ஊசிகளைத் தோளிலும் முழங்காலுக்குக் கீழேயும் குத்தினார்.

"வலி கையில. கால்ல எதுக்குக் குத்துறாரு?"

"சும்மா இருங்க லா," என்றேன்.

காய்ந்த இலையை இறுக்கிச் செய்த சுருட்டு ஒன்றும் சின்சே தந்தார். மாசிப்பச்சை வாசம். பற்றவைத்து, தோலுக்கு அருகில் பிடித்துக் காட்டினார். எங்களுக்கு நெருப்பு வைத்தியம் என்றால் சூடு போடுவதுதான். என் மாமனார் காமாலைக்குப் போட்டுக்கொண்டதும் அதுதான். வீட்டில், "படாத நெருப்பு என்னா கேக்கும்?" என்று இவர் சுருட்டை வாங்கித் தோளில் அழுத்திக்கொண்டார். தோல் கருகியது. கை எழவில்லை.

மறுநாள் தோட்டத்து வாசலில் சோதனை. காவலர் துப்பாக்கியை நீட்டி, "அங்காட் தாங்ஙான்!" என்று கத்தினார். இவர் இரண்டு கையையும் தூக்கினார். இரண்டும் எழுந்தன. நான் அந்த வலது கையையே பார்த்தேன். பயப்பட மறந்துவிட்டேன்.

பனியன் விலகியது. கருத்த, வட்டமான புண். குண்டு பட்ட இடம் என்றார்கள்.

"கை எழலன்னு படுத்திருந்தவன்யா இவன்!" என்றார் மண்டோர். லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் டிரஸ்ஸரிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். சின்சே பெயரைக் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்தப் பெயரைச் சொன்னால், காட்டில் இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்த்தார் என்று சின்சேயையும் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் இவர் வரமாட்டார்.

காவல் நிலையத்தில் டிரஸ்ஸர் புண்ணைத் தொட்டுப் பார்த்தார். "இது தீக்காயம். இந்த ஜனங்க நோவுக்குச் சூடு போட்டுக்குவாங்க," என்றார். அதிகாரி நம்பினார். அது பொய்யும் இல்லை.

திரும்பும் வழியில் டிரஸ்ஸர் கேட்டார்: "ஊசியா, சூடா, என் தைலமா?"

"துப்பாக்கிங்கய்யா," என்றார் இவர். டிரஸ்ஸர் சிரிக்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் கை அப்புறம் வலிக்கவே இல்லை. அவர் தொடர்ந்து மரம் வெட்டினார். பின்னாளில் நெஞ்சடைப்பில் இறந்தார். டிரஸ்ஸர் சபாக் பக்கம் மாற்றலாகி அங்கேயே இறந்தார். மண்டோர் ஊருக்குக் கப்பலேறினார். வேலி எடுத்ததும் சின்சே எங்கோ போனார், தகவல் இல்லை. நான் கோலசிலாங்கூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் வலிக்கு அரசாங்க மருத்துவமனையில் அதே மயிரிழை ஊசியைக் குத்துகிறார்கள்.