கூண்டுக்குள் மழை

அன்று மதியம் எங்கள் லாண்ட்ரியின் பின்முற்றத்தில் இருந்தவர்கள்: அக்கா, லாண்ட்ரி அவளுடையது. மாமா, அக்காவின் கணவர், இஸ்திரி இயந்திரம் அவர் பொறுப்பு. எங்கள் பிக்கப் வண்டிக்குக் கூண்டு கட்டிக் கொடுத்த வெல்டர். எதற்கெடுத்தாலும் சிலிகான் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவதால் வீட்டுக்குள் அவருக்குப் பசையண்ணன் என்று பெயர். அப்புறம் நான், அக்காவின் தம்பி, வண்டி ஓட்டுகிறவன். குளிர்பதனக் கிடங்கில் நான்கு வருடம் இரவு வேலை பார்த்து, ஒருநாள் போகாமல் நின்றுவிட்டவன். கடைசியாக அந்தப் பிக்கப். அதையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் அதிகம் திட்டு வாங்கியது அதுதான்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கள் லாண்ட்ரிதான் துணி வெளுத்துத் தருகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு இருபது மூட்டை: படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி. பிக்கப்பின் தொட்டிக்கு மேல் தகரக் கூண்டு, பின்னால் பூட்டுப் போட்ட கதவு. புறவழிச் சாலையில் அரைமணி நேர ஓட்டம். மழை தொடங்கிய வாரம் இரண்டு மூட்டை ஈரமாகப் போய்ச் சேர்ந்தது, திருப்பி அனுப்பினார்கள். பசையண்ணன் வந்து கூரை விளிம்பெல்லாம் சிலிகான் பூசினார். அடுத்த மழையில் ஐந்து மூட்டை நனைந்தது.

பிளாஸ்டிக் பையில் கட்டிவிடலாமே என்று யாரும் கேட்பார்கள். இஸ்திரியிலிருந்து சூடாக வரும் துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளேயே வியர்த்து நாறும். துணிப்பைதான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியும் எழுதியே கொடுத்திருக்கிறது.

இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியபோது, துணிக் கிடங்கின் பொறுப்பாளர், ஸ்டோரம்மா என்று எல்லாரும் கூப்பிடும் பெண்மணி, அக்காவைப் போனில் அழைத்துச் சொன்னார். "எனக்கு உங்க மேல கோபம் கிடையாதுங்க. ஆனா இங்க படுத்திருக்கவங்க ஒடம்புல தையல் இருக்கு, புண்ணு இருக்கு. இன்னொரு தடவை ஈரமா வந்தா நான் வேற இடம்தான் பாக்கணும்."

அந்த ஆஸ்பத்திரி போனால் எங்களிடம் மிஞ்சுவது இரண்டு ஓட்டல்களின் மேசை விரிப்பும் ஒரு சலூனின் துண்டுகளும். அவற்றுக்கு அக்கா ஒருத்தியே அதிகம். மாமாவும் நானும் தண்டம்.

அதனால்தான் அன்று மதியம் பசையண்ணன் பைப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடித்தார். அக்கா டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம்.

"என்னம்மா, உள்ள மழை பெய்யுதா?"

"இல்லண்ணே." தகரத்துக்குள்ளிருந்து அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"பாத்தீங்களா! என் கூண்டைத் தூக்கி ஆத்துல போட்டாலும் ஒரு சொட்டு உள்ள போகாது."

"ஆத்துல போட்டா ஆஸ்பத்திரிக்கு யாருண்ணே போறது?" என்றார் மாமா.

கதவைத் திறந்து அக்கா இறங்கினாள். உடம்பில் எங்கும் ஈரமில்லை, வியர்வையைத் தவிர. நான் என் கருத்தைச் சொன்னேன். குளிர்பதனக் கிடங்கில் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். "இது ஒழுகல் இல்லக்கா. ஆவி. சூடான துணி, குளிர்ந்த தகரம். தானா வேர்த்து மூட்டை மேல சொட்டுது."

அக்கா லாண்ட்ரிக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு படுக்கை விரிப்பு. நனைந்து திரும்பி வந்ததில் ஒன்றை அவள் துவைக்கப் போடாமல் அப்படியே காயவைத்து எடுத்து வைத்திருந்தாள். எங்களுக்கெல்லாம் அது அழுக்குத் துணி. அவளுக்கு அது சாட்சி.

"ஆவியா இருந்தா காஞ்சதும் தடமே இருக்காது," என்று விரிப்பைக் கொடியில் விரித்தாள். "கூரையிலேர்ந்து ஒழுகினா தகரத்தத் தொட்டுட்டு வரும். வட்டமா விழும், ஓரத்துல பழுப்பா ஒரு கோடு நிக்கும். இதப் பாருங்க. வட்டமும் இல்ல, கோடும் இல்ல. விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு. சாம்பல் நிறம்."

கறையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். அதைக் காதோரம் கொண்டுபோய் மறுபடி தேய்த்தாள். என் காதருகிலும் தேய்த்துக் காட்டினாள். நறநறவென்றது.

"மணல்," என்றாள். முகர்ந்து பார்த்தாள். "டீசல். இது வானத்துத் தண்ணி இல்லடா. ரோட்டுத் தண்ணி."

நான்கு பேரும் அதே விரிப்பைத்தான் பார்த்தோம். பார்த்தது அவள் ஒருத்திதான்.

நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். காரணம், தொட்டியின் தரையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதல் தடவை நனைந்தபோதே அவற்றைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் ரப்பர் கார்க் வைத்து அடைத்தவன் நான். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, அடுத்த மழைக்குப் பிறகு சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளக் காத்திருந்தேன்.

"தரையில ரெண்டு ஓட்டை இருந்துச்சுக்கா," என்றேன். "அதை நான் அடைச்சுட்டேன். போன வாரமே."

"தெரியும். உள்ள உக்காந்திருந்தேனே, கண்ணு இல்லியா எனக்கு?" என்றாள். "அது தண்ணி வர்ற வழி இல்ல. போற வழி. நீ வாசலத் திறந்து போட்டுட்டுச் சாக்கடைய அடைச்சு வச்சிருக்க. அதான் ரெண்டு மூட்டை அஞ்சாச்சு."

"மச்சானை இன்ஜினீயருக்குப் படிக்க வச்சிருக்கணும்," என்றார் மாமா. "பாலம் கட்டச் சொன்னா ஆத்தையே அடைச்சிருப்பான்."

கார்க்குகளைப் பிடுங்கினேன். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு அதற்கு நேரமில்லை. கிழிந்த விரிப்பு ஒன்றை எடுத்து, விரல் நீளத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் துணிக்கு நம்பர் போடும் பேனாவால் ஒரு எண். நாற்பது நாடா. கூண்டுக்குள் ஏறி, தகரம் தகரத்தோடு சேரும் இடம், கதவு தொட்டியோடு சேரும் இடம் என்று எல்லா விளிம்பிலும் ஒட்டினாள்.

"நிக்கிறப்ப நனையலைன்னா ஓடுறப்ப நனையுது," என்றாள். "ஓட்டு. நான் உள்ள இருக்கேன்."

மாமா முன்னால் வந்து நின்றார். "நீ என்ன மூட்டையா?"

"மூட்டை வாயத் திறந்து எங்க நனையுதுன்னு சொல்லுதா? சொல்லல இல்ல? அதான் நான் போறேன்."

மழை பிடித்துக்கொண்டது. ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் இன்னும் வேகம் என்று சொல்லிவிட்டு, பழைய நைட்டி ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஏறினாள். மாமா முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பசையண்ணன் வரமாட்டேன் என்றார். தன் கூண்டைச் சந்தேகப்படும் ஊர்வலத்தில் தனக்கு இடமில்லையாம்.

புறவழிச் சாலையில் அறுபதைத் தொட்டபோது காதை எனக்குப் பின்னால் இருந்த கூண்டுத் தகரத்தின் பக்கமே வைத்திருந்தேன். தட்டினாள். இரண்டு.

"ரெண்டா?" என்றார் மாமா.

"ரெண்டுதான்."

எழுபத்தைந்து. முன்னால் போன லாரி வாரி இறைத்த தண்ணீரில் சாலையே தெரியவில்லை. ஒரு தட்டு வரும், நிறுத்தலாம் என்று காத்திருந்தேன். மறுபடியும் இரண்டு.

"இவ கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான்," என்றார் மாமா, கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு. "எங்க வீட்ல எல்லாரும் மெதுவா யோசிச்சு முடிவு பண்ணலாம்னாங்க. இவதான் தேதிய முன்னால இழுத்தா."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு தட்டு விழுந்தது. ஓரம் கட்டி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அக்கா மண்டியிட்டிருந்தாள். முகம், கழுத்து, நைட்டி எல்லாம் சாம்பல் புள்ளி. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள், குமட்டல். இன்னொரு கையால் நாடாக்களைக் காட்டினாள். கதவின் அடிப்பக்கம், தொட்டியின் பலகையோடு அது சேரும் இடத்தில், பதினேழிலிருந்து இருபத்து நான்கு வரை எட்டு நாடாவும் கறுத்திருந்தன. மற்ற முப்பத்திரண்டும் வெள்ளை வெளேர்.

"காத்து உள்ள வருதுடா," என்றாள், மூச்சு வந்ததும். "வண்டி முன்னால ஓடுது, காத்து பின்னாலேர்ந்து உள்ள ஏறுது. நாடா எல்லாம் என் பக்கம் பாத்து ஆடுது. சக்கரம் அடிக்கிற தண்ணி பின்னால புகையா நிக்குதில்ல, அதை அப்படியே உறிஞ்சுது."

"அப்ப அந்த இடுக்குல ரப்பர் வச்சு அடைச்சிரலாம்."

"அடைக்கணும்தான். ஆனா உறிஞ்சுறது நிக்காதே? இங்க அடைச்சா வேற எடத்துல உறிஞ்சும். கேளு, இன்னொண்ணு பாத்தேன். வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சா, கூண்டோட முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடி ஜன்னலத் திறந்தேன். டிரைவர் தலைக்கு மேல இருக்கே, அது. திறந்தவுடனே எட்டு நாடாவும் திரும்பிக்கிச்சு. வெளிய பாத்து ஆடுது. தண்ணி நின்னு போச்சு. மூடினேன், மறுபடி உள்ள வருது. நாலு தடவை திறந்து மூடிப் பாத்துட்டேன்."

குமட்டலுக்கு நடுவில் நான்கு தடவை. நான் கிடங்கில் வேலை பார்த்தபோது, ஒரே கதவு நான்கு வருடம் பனி கட்டி மாட்டிக்கொண்டது. எங்களில் ஒருவர்கூட ஏன் என்று ஒருதடவையும் பார்க்கவில்லை. எட்டி உதைத்துத் திறந்தோம். அதற்குச் சம்பளமும் வாங்கினோம்.

லாண்ட்ரிக்குத் திரும்பி, முகத்தைக்கூடக் கழுவாமல் அக்கா பசையண்ணனிடம் சொன்னாள். "அண்ணே, கூண்டுல முன்னால ஓட்டை போடணும்."

அவர் டீ கிளாஸை இறக்கி வைத்தார். "தண்ணி வராம இருக்க ஓட்டை போடணுமா? ஏம்மா, ஓட்டைய அடைச்சே வயசான ஆளும்மா நானு."

"முன்னாலேர்ந்து காத்து உள்ள வந்து ரொம்பினா, பின்னால எங்க இடுக்கு இருக்கோ அது வழியா வெளியதான் போகும். வெளிய போற காத்தைத் தாண்டித் தண்ணி எப்படிண்ணே உள்ள வரும்?"

"முன்னால காத்தோட மழையும் வருமே?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க. காத்து வரணும், தண்ணி வரக்கூடாது. எப்படின்னு எனக்குத் தெரியாது."

பசையண்ணன் வண்டியின் முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் அவரை இளக்காரமாகவே நினைத்து வந்தவன். அதை அன்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சாக்பீஸால் தரையில் ஒரு பெட்டி வரைந்தார். முன்வாய் திறந்தது. அதன் தரை முன்பக்கம் சரிவு. உள்ளே, பாதி உயரத்துக்கு ஒரு தடுப்புத் தகரம். மழை வந்து தடுப்பில் மோதி, சரிவில் வழிந்து, வந்த வாய் வழியாகவே வெளியே போகும். காற்று மட்டும் தடுப்பைத் தாண்டி ஏறி, பின்பக்கம் கூண்டுக்குள் இறங்கும்.

"சரியா வருமாண்ணே?" என்றாள் அக்கா.

"வரலேன்னா என் மீசைய எடுத்துக்கறேன்."

"மீசை எனக்கு எதுக்கு? காஞ்ச துணிதான் வேணும்."

பொழுது சாயுமுன் பெட்டியை அடித்து, கண்ணாடி இருந்த இடத்தில் பொருத்தினார். கதவின் அடியில் தடித்த ரப்பர் பட்டை ஒட்டினார். ஒட்டும்போது சிலிகான் குழாயை எடுத்தார். மாமா சிரித்தார். அவர் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை மழை சாதாரண மழை இல்லை. வைப்பர் போதவில்லை. இருபது மூட்டையையும் அக்கா அடுக்கினாள். ஆபரேஷன் அறைத் துணியை வழக்கமாக உள்ளே தள்ளி வைப்போம். அன்று அதைக் கதவோரமே வைத்தாள்.

"ஏன்க்கா, வேணும்னே வம்ப விலைக்கு வாங்கற?"

"நனைஞ்சா அது நனையட்டும். அப்பதான் இனிமே நம்ம வேலைய நம்பலாமா வேணாமான்னு தெரியும்."

"மெதுவாப் போகவா?"

"எப்பவும் போற மாதிரி போ. இன்னைக்கு மெதுவாப் போய்க் காஞ்சா, நாளைக்கு என்ன பண்ணுவ?"

எழுபதில் போனேன். அன்று அக்கா முன்சீட்டில், என் பக்கத்தில். மடியில் வைத்திருந்த கையின் நகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்புறம் துணிக் கிடங்கு. சிமெண்ட் படி, மேலே சின்னக் கூரை, இரும்புக் கதவு. ஸ்டோரம்மா வந்து படியில் நின்றார். ஈர மூட்டை அந்தப் படியோடு சரி. காய்ந்தது மட்டும் உள்ளே போகும். அப்போது கொண்டு வந்தவரும் உடன் போய் அலமாரியில் அடுக்கி, எண்ணிக் கொடுக்க வேண்டும். தூசி வராமல் இருக்க, எண்ணி முடியும்வரை கதவு பூட்டியே இருக்கும்.

நான் கூண்டைத் திறந்தேன். ரப்பர் பட்டையின் வெளிப்புறம் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. உள்ளே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கதவோரத்து மூட்டையை அக்காவே இறக்கி, படியில் வைத்தாள்.

ஸ்டோரம்மா குனிந்து புறங்கையை மூட்டையின் மேல் வைத்தார். கீழே வைத்தார். பக்கவாட்டில் வைத்தார். நாடாவை அவிழ்த்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டார். அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இவ்வளவு மழையில?" என்றார் ஸ்டோரம்மா. கையை எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். "என்ன பண்ணுனீங்க?"

"ஒரு ஓட்டை போட்டோம்," என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்கவும் இல்லை. அடுத்த மூட்டை, அடுத்த மூட்டை என்று இருபதையும் தொட்டுப் பார்த்தார். பிறகு இரும்புக் கதவை அகலத் திறந்து, "செருப்பக் கழட்டிட்டு வாங்க," என்றார்.

நான் மூட்டைகளை நிலைப்படிவரை தூக்கிக் கொடுத்தேன். அக்கா ஒவ்வொன்றாக உள்ளே வாங்கினாள். இருபதாவதைக் கொடுத்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. எந்த அலமாரி என்று ஸ்டோரம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூட்டையை அணைத்தபடி திரும்பி உள்ளே நடந்தாள். இரும்புக் கதவு அவளுக்குப் பின்னால் மூடியது. உள்ளேயிருந்து தாழ் விழுந்தது, சாவி இரண்டு தடவை திரும்பியது.