ரோகிணிக்குக் குறித்த ஆபரேஷன்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஜோசியர் முதல் மாடியில் இருக்கிறார். டாக்டர் இரண்டாம் மாடி. ஜோசியரின் மேஜையைச் சுற்றித்தான் மேலே போக வேண்டும். படிக்கட்டை அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு வலி எடுத்தது வியாழக்கிழமை. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "நாளைக்கு ரோகிணி. காலையில எடுத்துருங்க. புள்ள கலெக்டரு."

"இப்பவே வலிக்குதுங்க."

"இன்னிக்குப் பொறந்தா மளிகைக் கடைங்க."

மளிகைக் கடை எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்வதற்குள் மாமியார் அவரைக் கும்பிட்டுவிட்டார்.

டாக்டர் சுகிர்தா என்னைத் தொடாமலே ஸ்கேன் படத்தை நீட்டினார். "கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு. ஆபரேஷன்தான்."

"இதுல என் பேரே இல்லீங்களே."

"எல்லாருக்கும் இதே படந்தாம்மா."

என் கணவர் மகுடபதிக்கு வலி என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கும். "உனக்கெதுக்கு கோதை இந்தக் கஷ்டமெல்லாம்? ஆபரேஷன்னா தூங்கி எந்திரிச்சா முடிஞ்சுது" என்றார்.

"அப்ப நீங்க தூங்குங்க" என்றேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. பயமில்லை. எப்போது வர வேண்டும் என்று என் பிள்ளைக்குத் தெரியும்.

சுகப்பிரசவ அறையைத் தேடிக் கிளம்பினேன். ஒவ்வொரு வலிக்கும் நடைபாதை கொஞ்சம் நீண்டது. வலி விட்டபோதெல்லாம் நடந்தேன். கடைசியில் நடைபாதையே சலித்துப்போய், ‘சுகப்பிரசவம்’ என்று எழுதிய ஒரு கதவில் முடிந்தது. உள்ளே பந்தல் துணியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடந்தன. நர்ஸ் பவளக்கொடி அவற்றை ஓரமாகத் தள்ளினாள்.

"பாடத்துல படிச்சிருக்கறேனுங்க்கா. நேர்ல பாக்கறது இதுதான் மொதல்."

"எனக்கும் அப்படித்தான்."

மத்தியானம், சரியான ராகு காலத்தில், மகள் பிறந்தாள். கழுத்தில் ஒன்றும் சுற்றியிருக்கவில்லை. சந்தோஷத்தில் சத்தமாக அழுதேன். அவள் என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

ஆனாலும் ரோகிணிக்கு ஆபரேஷன் தியேட்டரைச் சொல்லிவைத்தாகிவிட்டது. குறித்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ஜோசியர் மாடியேறி வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை காலை மகுடபதியைப் படுக்க வைத்து வயிற்றைக் கிழித்தார்கள்.

டாக்டர் வெளியே வந்தார். "உள்ள ஒண்ணும் இல்லைங்க."

"இல்லாட்டியும் நல்ல நேரத்துலதான் இல்லை" என்றார் ஜோசியர்.

மாமியார் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். அந்த ஒன்றுமில்லாததைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, "அப்படியே அப்பன் ஜாடை" என்றார். தொட்டிலில் போட்டு ஆட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் மகுடபதி தையலைப் பிடித்துக்கொண்டு முனகினார். "வலிக்குது கோதை."

"தூங்கி எந்திரிச்சா முடிஞ்சுதுங்க" என்றேன். மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.