கடைசி அணியின் முதல் பெயர்

மாவட்டப் பெண்கள் ஹாக்கி லீக்கில் அணிகள் சுற்றுச் சுற்றாக, முறை வைத்துத்தான் புது ஆட்டக்காரர்களை எடுக்கும். முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணி முதல் பெயரைச் சொல்லும். காரிமங்கலம் மேனேஜர் அனீஸ், கோப்பை எப்படியும் நமக்குத்தான் என்ற தெனாவட்டில், போன வருடமே, தன் அணிக்கு இந்த வருடம் வரவேண்டிய முதல் சுற்று முறையை மொரப்பூருக்கு எழுதிக்கொடுத்து, அவர்களுடைய பேர்போன ஃபார்வர்டை வாங்கினார். இரண்டாவது ஆட்டத்திலேயே அவளுக்கு முழங்கால் போனது. காரிமங்கலம் கடைசியில் வந்தது.

இன்று முதல் பெயரைச் சொல்லப்போவது மொரப்பூர். அது மணிமேகலைதான் என்று ஆட்டக்காரர்களை எடுக்கக் கூடிய மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். வத்தல்மலையில் அவளைக் கண்டுபிடித்து மூன்று வருடம் பழக்கியவர் அனீஸ்.

அவர் மொரப்பூர் மேனேஜர் மாதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாதண்ணா, அவள எனக்கு வுட்டுருங்க. எங்க மீதி சுத்து பூரா நீங்களே எடுத்துக்குங்க."

"அதுல யாருங்க இருக்காங்க, பாய்?"

"அடுத்த வருசத்து எங்க முறையும் உங்களுக்குத்தான்."

"மணிமேகலைய வெச்சுக்கிட்டு நீங்க எப்பிடிங்க கடைசில வருவீங்க? அந்த முறைக்கு என்ன மதிப்பு?" மாது சிரிக்கவில்லை. "கடைசிலதான் வருவோம்னு எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

அனீஸ் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.