செலவில்லாமல் கிடைத்த தகவல்

கடன் அதிகாரிக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இத்தனை காலமும் வங்கியில் வழக்கம் எளிது: தவணை வந்தால் நல்ல கடன், மூன்று மாதம் வராவிட்டால் கெட்ட கடன். நடந்ததை எழுதினால் போதும். இப்போது உலகத்துக்கெல்லாம் ஒரே கணக்கு முறை என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கடன் இனிமேல் திரும்புமா என்பதை இன்றைக்கே எழுதி, திரும்பாததற்கு இன்றைக்கே பணம் ஒதுக்க வேண்டுமாம். “கணக்குப் பாக்கிறவன ஜோசியக்காரனாக்கிட்டானுங்க,” என்று காசாளர் சிரித்தார்.

புது முறைக்கான படிவத்தில் ஒரு வரி இருந்தது: ‘பெரிய செலவில்லாமல் கிடைக்கும் எந்தத் தகவலையும் விடக் கூடாது.’

அடுத்த கோப்பு கடன் அதிகாரியின் அக்காள் வீட்டுக்காரருடையது. ஐஸ் கம்பெனி. ஒரு தவணை தவறியதில்லை. புது மெஷினுக்குக் கடன் கேட்டிருந்தார். உறவுக்காரர் கோப்பை வேறொருவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கிளையில் கடன் பிரிவு என்றாலே இவர் ஒருவர்தான்.

போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தான் காதோரம் சொன்னார்: “கல்லீரல் போயிடுச்சு மாப்ள. உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். மெஷின் வந்துட்டா கம்பெனிய அவளே ஓட்டிக்குவா.”

“மூச்சு விட மாட்டேன் அத்தான்.”

சல்லிக்காசு செலவில்லாமல் கிடைத்த தகவல். விட்டிருக்கலாம்தான். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டுப் பழகாத கை அது. அத்தான் சொன்னதைக் குறிப்புக் கட்டத்தில் தட்டிவிட்டார். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. டீ வந்தது, குடித்தார்.

ஒன்றை மறந்துபோனார். கடன் மறுக்கப்பட்டால், குறிப்பில் இருப்பதை அப்படியே கடிதத்தில் அச்சடித்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும் கம்ப்யூட்டர். அப்படி அமைக்கலாம் என்று ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

நாலாம் நாள் காலையில் அக்காள் போன் செய்தாள்.

“டேய், மெஷின் கடன் கிடையாதுன்னு லெட்டர் வந்திருக்கு. அவரு குளிக்கிறாரு, நான்தான் பிரிச்சேன். இவருக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்கு. எந்தப் பாவிடா எழுதினான்?”

“நான்தான்க்கா.”

அவள் பின்னால் குளியலறைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“உங்கிட்ட சொன்னாரா? எங்கிட்ட சொல்லலையேடா.” பிறகு சன்னமாக, “இன்னும் எவ்ளோ நாளாம்?”

அழ வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. எவ்வளவு நாள் என்பதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது; அதையும் அவரே கணித்து நிரப்பியிருந்தார்.

“பதினெட்டு மாசம்க்கா,” என்றார், கவுன்ட்டரில் வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் அதே குரலில்.