ததேயுஸ் ஊதிய குமிழ்

குளச்சல் கடலோரம் எங்கள் ஆய்வுக்கூடம். வெற்றிடத்தை அளக்கும் மானிகளைச் சரிபார்ப்பது தொழில். அங்கே நாங்கள் உண்டாக்கிய வெற்றிடம் அவ்வளவு சுத்தம். அடுத்த தெருவில் ஒரு கொசு தும்மினாலும் பாதரச மானி காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கொசுவுக்கு ஜலதோஷம்தான் என்று நானே நேரில் போய் உறுதிசெய்திருக்கிறேன்.

மற்ற மானிகளுக்கெல்லாம் அந்தப் பாதரச மானிதான் தலைமை. எத்தனை வருஷமானாலும் அது ஒரே அளவைக் காட்டவேண்டும். அது பிசகினால் மற்றதெல்லாம் பொய். அதன் கண்ணாடிக் குமிழை வாயால் ஊதிச் செய்து, திருகி மூடியவர் ததேயுஸ். பிறகு அதை யாரும் திறக்கவில்லை. 1953 மாசியில் இரைப்பு நோயால் அவர் இறந்தார். மறுநாளே, காற்றில்லாத குழாயில் பாதரசம் அசைய ஆரம்பித்தது. ஏறும், தயங்கும், இறங்கும். பட்டப்பகலில். பார்த்துக்கொண்டே நின்றால் நம் மூச்சும் அதன் தாளத்துக்குப் போய்விடும். முடி நட்டுக்கொண்டதில் என் தொப்பி ஒரு சாண் உயர்ந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி சோதிக்க வருவதாகத் தகவல். மானி நிலையாக இல்லையென்றால் கூடத்தை மூடிவிடுவார். பொறுப்பாளர் நாராயணபெருமாள் கசிவு தேடிச் சலித்து, கடைசியில் ததேயுஸின் மனைவி விக்டோரியாவைக் கூப்பிட்டுவிட்டார். மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தவள், மானியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவரு இன்னும் இரைச்சிட்டா கெடக்காரு?"

"அது பாதரசமாக்கும், விக்டோரியா," என்றேன்.

"உமக்குப் பாதரசம். பக்கத்துல கெடந்தவளுக்குத் தெரியாதா?" குமிழின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "செத்த சும்மா கெடயும்."

பாதரசம் நின்றுவிட்டது.

நாராயணபெருமாள் அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒரு நாள் வந்து இரி. இல்லேன்னா நம்ம கூடம் போச்சு."

"இருக்கேன் சாரே. அது கழிஞ்சு இவரத் தொறந்து விட்டிரணும்."

"விட்டிரலாம்."

மறுநாள் அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். மயிரிழை மாற்றமில்லை. பூரித்துப்போய், குமிழை மூடிய திருகின்மேல் அரக்கு முத்திரை வைத்தார்.

"இனி எல்லாருக்கும் இதுதான் அளவு. யாராவது திறந்தால் இந்தக் கூடம் இருக்காது," என்று சொல்லிவிட்டு, செருப்பு மாட்ட வாசலுக்குப் போனார்.

விக்டோரியா கையை எடுத்தாள். பாதரசம் ஏறி, நின்று, திணறி இறங்கியது.

நாராயணபெருமாள் வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நகத்தால் அரக்கைப் பெயர்த்துத் திருகைத் திருப்பினார்.

வெற்றிடத்தைத் திறந்தால் காற்று உள்ளே பாயவேண்டும். இது வெளியே வந்தது. நீளமாக, சூடாக, பீடி நாற்றத்தோடு. விக்டோரியாவின் நெற்றிமயிர் அசைந்தது. கடலில் நின்ற வள்ளங்கள் இலங்கைப் பக்கம் ஒரு காதம் தள்ளிப்போயின.

"என்ன சத்தம் அங்கே?" என்றார் அதிகாரி.

"ஆளு போறாரு சாரே," என்ற நாராயணபெருமாள், கூடத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.