பார்க்க நின்றவர்

போர்ட் சயீதில் எங்கள் இழுவைப் படகின் மேஸ்திரி வக்தி. ஐம்பது வயதில் ஆங்கில வகுப்புக்குப் போனவர்.

"ஏண்ணே, நீங்க இங்கிலீஷ்ல கூப்பிட்டாத்தான் கப்பல் பின்னாடி வருமா?" என்று சீண்டினேன்.

"நீ அரபியில கத்துறதுக்கே வருதே ஷபான், எனக்கு வராதா?" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சரக்குக் கப்பலை இழுக்கும்போது கயிறு அறுந்து, கப்பல் கரைச்சுவரில் மோதியது. காப்பீட்டுக்காரர்கள் சார்பில் விசாரிக்க ஹார்க்னஸ் என்ற ஆங்கிலேயர் வந்தார். மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார். வக்தி மறுத்துவிட்டார்.

"கயித்துப் பக்கத்துல இருந்தது நான். நானே சொல்றேன்."

ஆங்கிலத்தில் நன்றாகத்தான் தொடங்கினார். தான் படகின் முன்பக்கம் நோக்கி நடந்துகொண்டிருந்ததைச் சொன்னார். பிறகு, "ஐ ஸ்டாப்ட் செக்கிங் த ரோப்" என்றார்.

ஹார்க்னஸ் நிமிர்ந்தார். "கயித்தைப் பார்க்கிறதை ஏன் விட்டீங்க?"

"அது முனகுச்சு, அதான்."

"முனகியும் பார்க்காம விட்டீங்களா?"

மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். வக்தி கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார். உதடுகள் அசைந்தன, சொன்ன வாக்கியத்தைத் தனக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன் சார். ஸ்டாப்ட் டு செக். பார்க்கிறதுக்காக நின்னேன்."

"இப்ப மாத்திச் சொல்றீங்களா?"

வக்தி எழுந்து நடந்தார். மேசையருகே நின்றார். "ஸ்டாப்ட் டு டிரிங்க்" என்று தேநீரை எடுத்துக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்து, "ஸ்டாப்ட் டிரிங்கிங்" என்றார். "ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் பார்த்தீங்களா சார்?"

ஹார்க்னஸ் முகம் இளகியது. "சரி. நின்னு என்ன செஞ்சீங்க?"

"கயித்தோட புரி பிரிஞ்சிருந்துச்சு. எல்லாரையும் கயித்தை விட்டு விலகி ஓடச் சொல்லிக் கத்தினேன்."

அப்படி ஓடியவர்களில் நானும் ஒருவன். நான் நின்றிருந்த இடத்தில் இரும்புக் கைப்பிடி, அறுந்த கயிறு அடித்து வளைந்து கிடந்தது. அதை நானே சொன்னேன், அரபியில்.

அறுந்த முனையைப் பிரித்துப் பார்த்தார்கள். வெளியே புதிதுபோலிருந்த கயிறு உள்ளே இற்றுப்போயிருந்தது. வக்தி மேல் பிழையில்லை என்று முடிவானது.

"தப்பாச் சொன்னதை எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"அந்தாளு கேட்ட கேள்வியிலதான். நம்ம அரபியில நான் பார்க்க, நீ பார்க்கன்னு ஆளோட சேர்ந்தே வார்த்தை வரும். அவங்க ஆளையே கழட்டிட்டு 'டு'ன்னு ஒரு பொடிச் சொல்லை முன்னால நிறுத்திடுறாங்க. அது கிட்ட இன்னும் மல்லுக்கட்டிட்டுத்தான் இருக்கேன்."

நானாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். அவரோ அத்தனை பேர் முன்னால் தன் வாயில் வந்த பிழையைத் தானே பிடித்தார்.