முத்தம்மா தொடங்கிய திரி

கப்பல்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. தமிழில்தான் எழுதுவார்கள். எந்தத் துறைமுகத்தில் சிம் கிடைக்கும், மெடிக்கலில் காதை எப்படிச் சோதிப்பார்கள், எந்தக் கேப்டன் சிடுமூஞ்சி என்று ஒருவர் கேட்பார், பத்துப் பேர் பதில் சொல்வார்கள். இப்படி ஒருவர் தொடங்கும் பேச்சுக்கு அங்கே 'திரி' என்று பெயர். என் புருஷன் சாவியோ வீட்டில் இருக்கும் நாட்களில் அதைப் படித்துக்கொண்டேதான் சாப்பிடுவான். வாயில் போவது மீனா முள்ளா என்றுகூடப் பார்க்க மாட்டான். அந்த மன்றத்தின் மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல். கடைசியில் நானே அங்கே போய்க் கையேந்தி நிற்பேன் என்று நினைக்கவில்லை.

சாவியோ 'டெல்வின் பேர்ல்' என்கிற எண்ணெய்க் கப்பலில் ஆயிலர். எஞ்சின் ரூமில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவனை ஏற்றிவிட்டவர் லூயிஸ் அண்ணன். ராயபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பையன்களைக் கப்பலுக்கு அனுப்பும் ஏஜெண்ட். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் பெஞ்சில் உட்காருபவர், தேர்த் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடப்பவர். அவர் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது.

அந்தக் கப்பல் வளைகுடாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு இரண்டு மாதமாக அப்படியே நின்றது. முதலாளி கைவிட்டுவிட்டானாம். சாவியோ கடைசியாக அனுப்பிய குரல் பதிவு பதினைந்து விநாடிகூட இருக்காது.

"தண்ணி மஞ்சளா வருது மே. ஒரு வேள தான் சோறு, அதுவும் டீசல் வாசன. கேப்டன் எல்லார் போனையும் புடுங்கி வச்சிக்கினு கீறான், இத்த ஒளிச்சி வச்சி பேசறேன். அம்மா கிட்ட சொல்லாத."

அதோடு போன் அணைந்துவிட்டது. நான் லூயிஸ் அண்ணனிடம் ஓடினேன். சிக்னல் இருக்காது, பையன் நன்றாகத்தான் இருப்பான் என்றார். நாலு நாள் கழித்து மறுபடி போனேன். கண்ட இடத்தில் பேசினால் அவன் பெயர்தான் கெடும், பிறகு எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் கம்ப்யூட்டரில் கண்டெய்னர் எண்களை அடிக்கிறவள். சாவியோவின் போன் அணைந்த பத்தாவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலேயே, மன்றத்தில் பதிந்துகொண்டேன். பெயர் கேட்டது. ரேச்சல் என்று போட நான் என்ன பைத்தியமா? எதிரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முத்தம்மா அக்காவின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டேன். லூயிஸ் அண்ணன் தேடினால் ராயபுரத்தில் எந்த முத்தம்மாவை வேண்டுமானாலும் தேடட்டும்.

கப்பல் பெயரைச் சொல்லாமல் எழுதினேன். பழைய எண்ணெய்க் கப்பல், பன்னிரண்டு பேர், தண்ணீர் மஞ்சளாக வருகிறது, சோற்றில் டீசல் வாசனை, போனைப் பிடுங்கிவிட்டார்கள், வீட்டார் என்ன செய்வது. அனுப்பு என்பதை அழுத்திய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. அழித்துவிடலாமா என்று பார்ப்பதற்குள் முதல் பதில் வந்துவிட்டது.

முதலில் வந்தவன் கிண்டல்காரன். கப்பலில் பிரியாணி போடுவார்கள் என்று நினைத்தீர்களா என்று கேட்டிருந்தான். அவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அடுத்த பதில் இரண்டே வரி. "கப்பல் பேர் போட்டுடாதீங்க. ஏஜெண்டுங்க எல்லாம் இத்த படிச்சிக்கினுதான் கீறாங்க." அதை இரண்டு தடவை படித்தேன். யார் இந்த ஆள்? எச்சரிக்கிறானா, மிரட்டுகிறானா? முகம் தெரியாத இடம் என்று நம்பித்தானே வந்தேன். முகத்தை மறைத்திருப்பது நான் மட்டுமல்ல, அவர்களும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவதாக 'பழைய போசன்' என்ற பெயரில் ஒருவர் எழுதினார். டெக்கில் வேலை செய்பவர்களுக்குத் தலைவனைப் போசன் என்பார்கள். அவர் கேட்டதெல்லாம் நேரான கேள்விகள். கடைசியாக எப்போது பேசினான், உடம்பு முடியாதவர்கள் யாராவது உண்டா, கப்பலில் விளக்கு எரிகிறதா. நான் பதில் எழுத எழுத அவர் கேட்டுக்கொண்டே போனார். மூன்று நாள் இப்படியே நடந்தது. பஸ்ஸில் போகும்போதும், சோறு வடிக்கும்போதும், போனைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பதில் வரும்போதும் இது லூயிஸ் அண்ணனாக இருக்குமோ என்ற பயம். வராவிட்டால் அதைவிடப் பயம்.

சனிக்கிழமை போசன் இப்படி எழுதினார்: "தங்கச்சி, பேர் இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும். கப்பல் பேரு, கப்பலோட நம்பரு, பையன் பேரு, உன் பேரு, நாலும் வேணும். எனக்குத் தனியா அனுப்பாதே. நான் யாருன்னு உனக்கு இன்னா தெரியும்? என்ன நம்பாதே. எல்லாரும் பாக்கற மாதிரி திரியிலயே போடு. நாலு பேர் கண்ணு பட்டாத்தான் தண்ணி வரும்."

என்னை நம்பாதே என்று சொன்ன ஆளை நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் போட எனக்குத் தைரியம் வரவில்லை. சாவியோவின் பாஸ்போர்ட்டும், கப்பலாளி என்பதற்கான சி.டி.சி. புத்தகமும் கேப்டன் கையில். கேப்டன் கம்பெனி கையில். கம்பெனிக்கு இங்கே கண்ணும் காதும் லூயிஸ் அண்ணன். நான் பெயரைப் போட்டால் நடுக்கடலில் அவனை என்ன செய்வார்கள்?

இதையெல்லாம் தனியாகச் சுமக்க முடியாமல் ஒரு தப்புச் செய்தேன். என் மாமியார் வியாகுலம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வாரமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மறைக்க முடியவில்லை. கப்பல், தண்ணீர், டீசல் வாசனை, மன்றம், எல்லாம் சொன்னேன். வெளியே மூச்சு விடக்கூடாது என்று மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கினேன். அத்தை சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை, அதிலும் மாதா பேரில் செய்ததை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை தொடங்குமுன் உபதேசியார் மைக்கில் பூசைக் கருத்துகளை வாசிப்பார். இன்னார் நோய் தீர, இன்னாருக்கு வரன் அமைய, இறந்த இன்னாரின் ஆன்மா இளைப்பாற என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தவை. நான் பாதி காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ கருத்து அது.

"டெல்வின் பேர்ல் கப்பலில் மஞ்சள் தண்ணீரும், டீசல் வாசனை வீசும் ஒரு வேளைச் சோறுமாகத் தவிக்கும் சாவியோவும் உடன் பணியாளர்களும் நலமுடன் வீடு திரும்ப வேண்டி, வியாகுலம்மாள் குடும்பத்தார்."

கோயில் முழுக்க ஸ்பீக்கர். வெளியே செருப்புக் கழற்றுகிற இடத்திலும் ஒன்று. பக்கத்தில் முக்காடு போட்டுக் கண்மூடி நின்ற அத்தையின் கையைக் கிள்ளினேன்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்னியே அத்தே."

"நான் யார் கிட்டயும் சொல்லலயே. சாமி கிட்ட தான் சொன்னேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

முதல் பெஞ்சில் லூயிஸ் அண்ணன் மெதுவாகத் திரும்பினார். எங்கள் வரிசையைத் தேடிப் பார்த்தார். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பூசையில் நற்கருணை வாங்கினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் அத்தைக்கு ஸ்தோத்திரம் சொன்னார், முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு என்னை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார். சுற்றிலும் ஜனம், சிரிப்பு, குழந்தைகளின் கூச்சல். அதற்கு நடுவில் அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மஞ்ச தண்ணி, டீசல் சோறு. இந்த வார்த்தைய முத்தம்மான்னு ஒரு பொம்பள எழுதி நானும் படிச்சிருக்கேன் ரேச்சலு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தத் திரி இருக்கக் கூடாது. கப்பல்ல கீறவன் கம்பெனி கைக்குள்ள கீறான். அத்த மனசுல வச்சிக்கோ."

நான் தலையாட்டினேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அன்றைக்கு அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மன்றத்தைத் திறந்தேன். அழிக்கத்தான் திறந்தேன். அழிக்கவா என்று அது கேட்டது. அத்தை எதிரே தரையில் உட்கார்ந்து, தன்மேல் என்ன தப்பு என்று புரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது, திட்டவும் முடியவில்லை. ஒளிந்துகொண்டு பேசியது நான். பயந்த மாமியார் ஊரறியச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். இனிமேல் ஒளிய என்ன இருக்கிறது? லூயிஸ் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள், உதவி செய்யக்கூடியவர்கள் மட்டும்தான். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

எழுதினேன். என் பெயர் முத்தம்மா இல்லை, ரேச்சல். என் கணவர் சாவியோ. கப்பல் டெல்வின் பேர்ல். கப்பலின் ஏழு இலக்க எண்ணை அடித்துவிட்டு, குடோனில் செய்கிற மாதிரி வலமிருந்து இடமாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை சரிபார்த்தேன். ஒரு எண் தப்பினால் வேறு எவனுடைய கப்பலோ ஆகிவிடும். எங்கள் தெருப் பெயரையும் போட்டேன். அப்போது மணி பன்னிரண்டே கால். அனுப்பிவிட்டு, குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு பதில்கள். போசன் தன் சொந்தப் பெயரைப் போட்டிருந்தார். கிருஷ்ணப்பன், விம்கோ நகர். கப்பலாளர் சங்கத்துக்கும் கப்பல் துறை அதிகாரிகளுக்கும் மனு எழுதி, இந்தத் திரியையும் சேர்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதற்குக் கீழே வியாசர்பாடியிலிருந்து யசோதரா என்ற பெண். "என் தம்பி செங்குட்டுவனும் அதே கப்பல்ல தான் கீறான். அவன் போன் மட்டும்தான் ரிப்பேருன்னு என் கிட்ட சொன்னாங்க. என் பேரையும் மனுல சேத்துக்கங்க." என்னிடம் அந்தப் பெண்ணின் தம்பியைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதே இல்லை. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

ஐந்து மணி ஆனது. லூயிஸ் அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு வெளிநாட்டு எண் ஒன்று அடித்தது. எடுத்தேன்.

"ரேச்சல், நான் சாவியோ பேசுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். அந்தத் திரியை உடனே எடுத்துவிடு."

என் புருஷன்தான். ஆனால் வாசகம் வாசிக்கிறவன் மாதிரி பேசினான். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பதினான்கு நாளாக இந்தக் குரலுக்காகத்தான் நான் தவித்தேன். இருந்தும் சந்தோஷப்பட முடியவில்லை. அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்பதுதான் காதில் விழுந்தது.

"போன் எப்ப குடுத்தானுங்க?" என்று கேட்டேன்.

"இப்ப தான்."

"தண்ணி?"

இப்போது அவனுடைய நிஜக் குரல் வந்தது, உடைந்து. "மதியானம் ஒரு போட்டு வந்து தண்ணி கேன் எறக்குச்சி மே. நல்ல தண்ணி. எல்லாரும் குட்ச்சோம். எடுத்துடு மே, எனக்குப் பயமா கீது."

"எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா எடுக்க மாட்டேன்" என்றேன்.

தொடர்பு அறுந்துபோனது. அவன் அறுத்தானா, பக்கத்தில் நின்றவன் அறுத்தானா தெரியவில்லை. என்ன சொன்னான் என்று அத்தை கேட்டாள். தண்ணீர் குடித்துவிட்டான் என்றேன். அவள் தரையிலேயே குனிந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எடுக்க மாட்டேன் என்று அவனிடம் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இதற்காக நாளைக்கு அவனை அடிப்பார்களோ, இருட்டறையில் போடுவார்களோ, தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். பத்து வாரமாக வராத தண்ணீர், நான் பெயரைப் போட்ட அன்றைக்கு வந்தது. திரியில் இன்னொரு பதிவு எழுதினேன்.

"சாவியோ இன்று மாலை ஐந்தே முக்காலுக்குப் பேசினார். உயிரோடு இருக்கிறார். கப்பலுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. நாளையும் வந்ததா என்று இதே இடத்தில் கேட்பேன். மறுநாளும் கேட்பேன். ரேச்சல்."